பேய்களுக்கு ஆராத்தித் தண்ணீர்

கமலேஸ்வரியின் தொழில் இரத்தம் எடுப்பது. மெல்பேணுக்கு வந்த முதல் ஏழு வருடம் கோழித் தொழிற்சாலையில் நின்றார். பிறகு ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடித்து, முதலில் ஃபுட்ஸ்கிரேயிலும் பின்னர் பொயிண்ட் குக்கிலும் இரத்தப் பரிசோதனை நிலையங்களில் பதினாலு வருடம். "கோழியிலை துவங்கி மனுசரிலை வந்து நிக்கிறன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பொயிண்ட் குக்கில் தமிழ்ச்சனம் கூடக்கூட அவருடைய கதிரைக்கு முன்னால் வரிசையும் கூடியது. நரம்பு அகப்படாத கிழவர்களும் ஊசியைக் கண்டதும் தலை சுற்றும் கர்ப்பிணிகளும் அவர் வேலைக்கு வரும் நாளை விசாரித்துத்தான் வருவார்கள். அவருடைய முறை எளிது. கையை இறுக்கும் பட்டியைக் கட்டிக்கொண்டே, "இண்டைக்கு என்ன சமையல்?" என்பார். வந்தவர் கத்தரிக்காயா வெண்டிக்காயா என்று நினைவுபடுத்தி முடிப்பதற்குள் குழாய் நிறைந்துவிடும்.

2012 யூன் மாதம் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது.

கணவர் மகேந்திரராஜா டாக்சி ஓட்டியவர். சிறுநீரகம் பழுதானபின் கிழமைக்கு ஒருமுறை அவருக்கு இரத்தம் எடுக்கவேண்டும். வேறு எவருக்கும் கை நீட்டமாட்டார். "வீட்டிலை சமையல் இருக்க ஆரும் கடையிலை சாப்பிடுவினமோ?" என்பது அவருடைய நியாயம். யூன் பன்னிரண்டாம் திகதி கமலேஸ்வரி மூன்று முறை குத்தினார். நரம்பு அகப்படவில்லை. "பரவாயில்லை கமலா, நாளைக்குப் பாப்பம்" என்றார் அவர். பதினான்காம் திகதி பிற்பகல் 4.10க்கு இறந்துபோனார்.

குத்துத் தவறியதற்கும் சாவுக்கும் தொடர்பில்லை. மருத்துவர் சொன்னார். மகள் தர்சினியும் சொன்னாள். தர்சினிக்கு ட்ருகனினாவில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. எது காரணம், எது தற்செயல் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அப்படியிருந்தும் நாலு மணி தாண்டினால் ஆய்வுகூடத்து மணிக்கூட்டுக்கு முதுகு காட்டி நிற்கப் பழகியிருந்தாள்.

ஒக்டோபரில் கமலேஸ்வரியின் மேற்பார்வையாளர் தொலைபேசியில் வந்தார். நல்ல பெண்மணி, கமலேஸ்வரி வேலைக்குப் போகாத நாலு மாதமும் பொறுத்திருந்தார். நவம்பர் ஐந்து, திங்கட்கிழமை வந்து தன் முன்னால் பத்துப் பேருக்கு இரத்தம் எடுத்துக் காட்டவேண்டும்; முடியாவிட்டால் முன்மேசையில் பெயர் பதியும் வேலை தரலாம் என்றார்.

"முன்மேசையே எனக்குக் காணும், ஊசி வேண்டாம்" என்றார் கமலேஸ்வரி.

பெயர் பதிகிற அம்மாவைத் தர்சினியால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அப்பா போய்விட்டார். அம்மாவும் அந்தக் கை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு ஃபர்ஹா கதவைத் தட்டினாள். வயது பதினொன்று. துணிக்கடை ரஹ்மானின் மூத்த மகள்.

"தர்சினி அக்கா, ஹலோவீனுக்கு எங்கட ஸ்ட்ரீற் பிள்ளைகள் எல்லாரும் சொம்பி வேசம், எழும்பி நடக்கிற பிணம். வாப்பா பழைய வெள்ளை ரீசேட் தாறாராம். பிளட்தான் இல்லை. அன்ரிட வேலையே பிளட்தானே, உங்கட வீட்டில வச்சுச் செய்வமா?"

தர்சினி அம்மாவைக் கேட்காமலே ஓம் என்றாள். தடை வந்தது வேறு பக்கத்திலிருந்து. செத்தவீட்டுக்கு வந்த யோகா மாமி, அதாவது மகேந்திரராஜாவின் அக்கா, இன்னும் திரும்பிப் போகவில்லை.

"என்னடி, என்ரை தம்பி போய் அஞ்சு மாசம் ஆகேல்லை. வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் இந்த வீட்டிலை நல்ல காரியம் ஒண்டும் கூடாது."

"நல்ல காரியம்தானே மாமி கூடாது? இது பேய், பிணம், இரத்தம். தேடினாலும் ஒரு நல்லது அகப்படாது."

மாமி இதை எதிர்பார்க்கவில்லை. சாத்திரத்தை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"பூ வைப்பியளோ?"

"இல்லை."

"விளக்கு?"

"பூசணிக்காய்க்குள்ளை ஒண்டு."

"பூசணிக்காய் வெட்டுறது கண்ணூறுக்கு. அது குற்றமில்லை. பலகாரம்?"

"சிப்ஸ் பைக்கற் மட்டும்."

"சிப்ஸ் பலகாரத்திலை சேராது" என்று மாமி தீர்ப்பு வழங்கினார்.

இருபத்தேழாம் திகதி சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. கராஜில் தர்சினி மேசை போட்டாள். சீனிப்பாணி, சிவப்புச் சாயம், கொக்கோத் தூள், சோளமா. இரண்டு கிழமை சோதித்து எடுத்த அளவு. போத்தலில் "தொகுதி 3" என்று ஒட்டியிருந்தாள். ஆறு பிள்ளைகளுக்குக் கணக்கிட்டது. வந்தது பதினாலு பேர். அதில் பாதிப்பேர் அது இனிக்கும் என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். நக்கியதால் ஏற்படக்கூடிய இழப்பைத் தர்சினி கணக்கில் சேர்த்திருக்கவில்லை. இரண்டரை மணிக்கு இரத்தம் தீர்ந்தது. ஐந்து சட்டை முடிந்தது, ஒன்பது சட்டை வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"சிவப்புத் தண்ணிதானே வேணும்? தள்ளு" என்றார் மாமி.

ஒரு வாளி தண்ணீர். அதில் அரைப்போத்தல் மஞ்சள்தூள். பிறகு வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு. கலக்கக் கலக்க மஞ்சள் மறைந்து, வாளிக்குள் செங்குருதி எழுந்தது. பிள்ளைகள் "வாவ்" என்றார்கள்.

"மாமி, இது ஆராத்தியெல்லோ!"

"வாயைப் பொத்து. சுத்தினால்தான் ஆராத்தி. சுத்தாட்டி வெறும் தண்ணி. கலக்கலாம், ஒருத்தரும் தூக்கிச் சுத்தக்கூடாது. சொல்லிப்போட்டன்."

வாளிக்குப் பக்கத்தில் அகப்பையோடு காவல் நின்றார். தர்சினி அதில் சோளமாவைக் கரைத்துத் தடிப்பாக்கினாள். சுண்ணாம்பு இருப்பதால் தோலில் படக்கூடாது, துணிக்கு மட்டும் என்று சட்டம் போட்டு, எல்லாருக்கும் கையுறை கொடுத்து, சட்டைகளைக் கதிரை முதுகுகளில் மாட்டினாள்.

கமலேஸ்வரி இவ்வளவு நேரமும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். ஃபர்ஹா தன் சட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள்.

"அன்ரி, எண்ட சொம்பி ரியலா இல்லை."

கதவு அரைவாசி திறந்தது.

"உனக்கு எங்கை வெட்டு?"

"கழுத்தில."

"பிறகேன் முதுகிலை இரத்தம்? நீ என்ன தலைகீழாத் தொங்கிச் செத்தனியோ?"

ஃபர்ஹா சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கமலேஸ்வரி கதவை முழுதாகத் திறந்து, கராஜ் வாசலுக்கு வந்து, பதினாலு சட்டைகளையும் பார்த்தார். பதினாலு வருட அனுபவத்துக்கு அது பொறுக்கவில்லை.

"இது என்ன பீற்றூட் கறியோ? இரத்தமெண்டால் வடிய வேணும், தம்பி. அள்ளி அப்பக்கூடாது. தர்சினி, என்ரை பையிலை ஊசியில்லாத சிரிஞ்ச் கிடக்கும், எடு."

தர்சினி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அம்மாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிஞ்சில் சிவப்பு ஏறியதும் கை நடுங்கியது. ஃபர்ஹாவின் சட்டைக் கழுத்திலிருந்து இழுத்த கோடு குளறுபடியாக, வளைந்து வளைந்து கீழே போனது. கமலேஸ்வரி சிரிஞ்சை வைத்துவிடப் பார்த்தார்.

"கூல்!" என்றாள் ஃபர்ஹா. "அன்ரி, உண்மையான பிளட் மாதிரியே கோணல்மாணலாப் போகுது!"

மற்றப் பிள்ளைகளும் முண்டியடித்தார்கள். எல்லாருக்கும் அதே கோணல் இரத்தம் வேண்டுமாம். இரண்டாவது சட்டை. மூன்றாவது. கமலேஸ்வரி குனிந்த தலை நிமிராமல் கோடு இழுத்தார். "நாடி வெட்டுப்பட்டால்தான் பாயும், விளங்குதோ? நரம்பெண்டால் ஆறுதலாத்தான் வரும்." நாலாவது. ஐந்தாவது. ஆறாவது சட்டை லதீஸ் என்ற பொடியனுடையது. முடிந்ததும் அவன் அதைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுருக்கினான்.

"அன்ரி, நொட் ஃபெயர். எனக்கு மட்டும் நேராப் போட்டிட்டீங்க."

கமலேஸ்வரி சட்டையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஏழாவது சட்டையை எடுத்தார். அதுவும் நேராகத்தான் வந்தது.

மூன்றரை மணிக்குச் சட்டைகளைக் கொடியில் போட்டுவிட்டு இடைவேளை விட்டார்கள். வாங்கி வைத்திருந்தது உப்பும் வினாகிரியும் போட்ட சிப்ஸ். பதினாலு பேரும் தின்ற கையோடு, துடைக்காமல், காய்ந்துவிட்டதா என்று தங்கள் தங்கள் சட்டையைத் தொட்டுப் பார்க்கப் போனார்கள். வாளிச் சிவப்பில் தொட்ட இடமெல்லாம் மஞ்சளாக மாறியது. சிவப்புக்கு நடுவில் பளிச்சென்று விரல் அடையாளங்கள். ஒரு பெண்பிள்ளை அழத் தொடங்கினாள்.

தர்சினிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சுண்ணாம்பில் சிவக்கும் மஞ்சள் புளிப்புப் பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். பள்ளிக்கூடப் பரிசோதனை. அவளுக்கே மறந்துபோனது.

மாமிக்கு வந்த பயம் வேறு. "ஐயோ கமலா, எல்லாம் மஞ்சளாப் போகுதடி! செத்தவீட்டுக் கொடியிலை மஞ்சள் துணி! மங்களமெல்லே! நான் அப்பவே சொன்னனான்!"

கமலேஸ்வரி கொடிக்குக் கிட்டப் போனார். ஒரு சட்டையைப் பிடித்து, பரிசோதனைக்கு வந்த இரத்த மாதிரியைப் பார்ப்பதுபோலச் சாய்த்துப் பார்த்தார்.

"இது மங்களம் இல்லை மச்சாள். சீழ்."

"என்னது?"

"சீழ். புண் பழுத்தால் இப்பிடித்தான், நடுவிலை மஞ்சள், சுத்திவரச் சிவப்பு. சீழிலை என்ன மங்களம்?"

மாமி கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். "ஓம்தான்" என்றார். "சீழெண்டால் ஒண்டுமில்லை."

சீழ் என்றால் என்னவென்று ஃபர்ஹா மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். அழுத பிள்ளை உடனே அழுகையை நிறுத்தி, தனக்கு இன்னும் சீழ் வேண்டும் என்றாள். சிப்ஸ் பைக்கற் பறந்தது. ஒருவன் மிச்சத் தூளைச் சட்டையில் நேராகவே கொட்டினான். கமலேஸ்வரி அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் போனார்கள். மாமி முகம் கழுவப் போனார். தர்சினி சீனிப்பாணி இரத்தம் தெறித்த சட்டையோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தர்சினி. கையைத் தா."

நிமிர்ந்தாள். அம்மா தன் வேலைப் பையைத் திறந்து மேசையில் பரப்பியிருந்தார். பட்டி, பஞ்சு, மெல்லிய ஊசி, ஊதா மூடிக் குழாய்.

"இப்பவோ?"

"இப்ப விட்டால் பிறகு எனக்குத் துணிவு வராது."

தர்சினிக்கு ஊசி என்றாலே ஆகாது. தாய் தொழில் பழகிய காலத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டவள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

பட்டி இறுகியது. ஒரு விரல் முழங்கை மடிப்பில் மெல்ல அழுத்தி, நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது. கமலேஸ்வரி மூச்சை உள்ளே இழுத்தார். ஒரே குத்து.

"வந்திட்டுது" என்றார், மிக மெதுவாக. பிறகு, "பாத்தியே, இதுதான்டி நிறம். உன்ரை தொகுதி மூண்டெல்லாம் சும்மா."

தர்சினி பார்த்தாள். பார்த்திருக்கக்கூடாது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தாள். கால்கள் கதிரைமேல் இருந்தன. முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாசலில் யோகா மாமி, சிவப்பில் தோய்ந்து கிடக்கும் மருமகளைப் பார்த்து, "ஐயோ, பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டாளே!" என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"கத்தாதையுங்கோ மச்சாள், அது சாயம்" என்று ஒரு கையால் அவரை அமர்த்தியபடி, மற்றக் கையில் தொலைபேசியோடு அம்மா நின்றார். மேற்பார்வையாளரின் பதிவுக் கருவிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓம், கமலேஸ்வரிதான். ஐந்தாம் திகதி வருவேன். பத்துப் பேரையும் வரச்சொல்லுங்கள். மயங்கி விழுகிறவர்கள் இருந்தால் அவர்களை எனக்கே விடுங்கள்.