மேசை மேல் உள்ளங்கை

ரொசாரியோ நகரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள் யனீனா. நாற்பத்தோரு வயது. அவளுடைய வாரத்தை எங்கள் பேட்டையில் எல்லோருக்கும் மனப்பாடம். வியாழன் மாலை குடியிருப்போர் சங்கம். சனி காலை சந்தை முனையில் நின்று கட்சிப் பத்திரிகை விற்பாள். ஞாயிறு நாலு மணிக்கு விளையாட்டு. உயிரே போனாலும் விளையாட்டு.

அது பந்தோ சீட்டோ இல்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக்கொள்வார்கள். ஒருத்தன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி. கதையை நடத்துபவள் யனீனா; எதிரே வருகிற கொடுங்கோலன், கொள்ளைக்காரன், பூதம் எல்லாமே அவள்தான். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஆறு வருஷமாக ஒரே கதை ஓடிக்கொண்டிருந்தது.

சங்கச் செயலாளர் அனீபால், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இதைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்.

"தோழர், ஊர்ல நிஜ பூதமே ஆயிரம் திரியுது. நீங்க காகிதப் பூதத்தோட மல்லுக்கட்டுறீங்க."

"நான் மல்லுக்கட்டல தோழர். நான்தான் பூதம்" என்பாள் யனீனா. அவர் மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வார்.

விளையாட்டுக்காரர்களுக்கும் குறை உண்டு. ஊர்வலம், மறியல் என்று ஆட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டு, இரண்டையும் விடாமல் பிடித்திருந்தாளே, அந்தப் பிடிவாதம் எனக்கெல்லாம் வராது.

போன செப்டம்பரில்தான் சோதனை வந்தது. பதினொரு குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி ஒண்டுக்குடித்தனம் இருக்கும் பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வீட்டு முதலாளி முடிவு பண்ணினார். வக்கீலை வைத்து ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குவது திட்டம். முதல் அழைப்பு தையல்காரி டெல்மிராவுக்கு, செவ்வாய்க்கிழமை. முப்பது வருஷமாக அங்கே இருப்பவள். அவள் போட்டால் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள், வீடு போச்சு.

வக்கீலிடம் எப்படிப் பேசுவது என்று ஞாயிறு நாலு மணிக்கு முற்றத்தில் ஒத்திகை வைக்கலாம் என்றது சங்கம். அதே நாலு மணிக்குத்தான் ஆறு வருஷக் கதையின் கடைசி ஆட்டம். யனீனா போன் போட்டாள். மறுமுனையில் ஃபவுஸ்தோ, பேக்கரிக்காரன், அவளுடைய மேசையின் வீரன்.

"மூணாவது தடவைடி. மூணாவது தடவை!"

"தெரியும். திட்டிக்கோ."

"திட்டுறதுக்கு நேர்லயே வர்றோம். எங்க வரணும், சொல்லு."

நாலு பேரும் ஒரு பொட்டலம் இனிப்பு ரொட்டியோடு முற்றத்துக்கு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

யனீனா வக்கீலாக நடித்தாள். தப்பு அங்கேதான் நடந்தது. கெட்டவனுக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்பது அவள் மேசையின் கொள்கை. அரைகுறையாக நடிக்க அவளுக்கு வராது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். டெல்மிராவின் முழங்கால் வலியை விசாரித்தாள். கூரை ஒழுகுவதைச் சொல்லி வருத்தப்பட்டாள். "மத்தவங்களுக்காக நீங்க ஏம்மா கஷ்டப்படணும்? அவங்க உங்களுக்காக என்ன பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டு, பேனாவை மெல்ல நகர்த்தி வைத்தாள்.

டெல்மிரா பேனாவை எடுத்துவிட்டாள். "சொல்றதும் சரிதானே. எங்க போடணும்?"

இன்னும் இரண்டு குடும்பத்தார் தலையாட்டிக்கொண்டிருந்ததை யனீனா பார்த்தாள். முதலாளியால் முடியாததை அவளே செய்து முடித்திருந்தாள்.

"நல்லா நடிச்சீங்க தோழர்!" என்று கத்தினார் அனீபால். "அவனே உங்களைச் சம்பளத்துக்கு வச்சுக்குவான்!"

யனீனாவுக்கு ஆறு வருஷம் பழகியது இதற்குத்தானா என்று நெஞ்சு எரிந்தது. அப்போது ஃபவுஸ்தோ ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டு எழுந்து வந்தான்.

"இவ வாய்க்குப் பதில் சொல்லவே முடியாதும்மா. ஆறு வருஷமா நாங்க தோத்துட்டு இருக்கோம். அதான் ஒரு வழக்கம் வச்சோம்." உள்ளங்கையை மேசை மேல் பட்டென்று வைத்தான். "யாராவது இப்படிக் கைய வச்சா, 'நாங்க பேசிக்கணும்'னு அர்த்தம். அப்புறம் ராஜாவானாலும் பூதமானாலும் இவ வாயைத் திறக்கக் கூடாது. நாங்க எங்களுக்குள்ள பேசி முடிக்கிற வரைக்கும்."

"அந்த வக்கீல் வாயை மூடுவானா?" என்றார் அனீபால்.

"மூடாட்டி போறான். கைய எடுக்காம இருந்தா சரி."

டெல்மிரா பேனாவைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை பேசு பார்ப்போம்" என்று யனீனாவிடம் சொன்னாள். இருட்டும் வரை யனீனா கொஞ்சமும் இரக்கமில்லாமல் பேசினாள், பதினொரு குடும்பத்தாரும் மாறி மாறிக் கையை வைத்தார்கள். கடைசியில் அனீபால்கூட ஒரு முறை வைத்துப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை டெல்மிரா மட்டும் வக்கீல் அலுவலகத்துக்கு மாடியேறினாள். மற்ற பத்துக் குடும்பங்களும் கீழே நடைபாதையில் நின்றன. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்த யனீனா, சட்டைப் பையில் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தாள். கால்மணி நேரம் போயிற்று.

டெல்மிரா இறங்கி வந்தாள்.

"கையெழுத்துப் போட்டியா?" என்றார் அனீபால்.

"கைய வச்சேன். அவன் பேசிட்டே இருந்தான். நான் எடுக்கல. 'கீழ பத்து வீட்டுக்காரங்க நிக்கிறாங்க, நாங்க பேசிக்கணும்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவன் என்னதான் சொன்னான்?"

"எல்லாம் இவ சொன்னதுதான். முழங்கால், கூரை, எல்லாம்." டெல்மிரா யனீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா, இவ அளவுக்கு அவனுக்குப் பேச வரலப்பா. பாவம்."

நடைபாதையே சிரித்தது. யனீனா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, பேசுவோம்" என்றாள். பேசி முடித்தபின் பதினொரு குடும்பமும் சேர்ந்தே மாடியேறின.