ஒரு நாளைக்கு ஒரு விக்கெட்

பனி இறங்கி ஆட்டம் நின்று கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு அணிக்காரர்களும் கொட்டகைக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் மைதானத்தின் கீழ்க்கோடியில், தேயிலைச் செடிகளுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, பந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. தலைமுடியெல்லாம் பனித்துளி. பிள்ளைகளே, அவரைப் பற்றி நான் உங்களிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் அம்மாவிடமும் பேசியதில்லை. அவர் என் கூடப்பிறந்த அண்ணன். உங்களுக்குப் பெரியப்பா.

நாங்கள் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். வீட்டில் ஒருவன் படிக்கலாம், ஒருவன் வேலைக்குப் போக வேண்டும் என்று நிலைமை வந்தபோது யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. ஒருநாள் காலையில் அண்ணன், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் ஆட்களோடு வரிசையில் நின்றார், நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன், அவ்வளவுதான். பிறகு அவர் கவ்வாத்து வெட்டுகிறவர் ஆனார். முற்றிப்போன தேயிலைக் கிளையை ஒரே வெட்டில் சாய்க்கும் கை அது. வலது தோள் இடது தோளைவிடப் பருத்திருக்கும்.

அந்தத் தோட்டத்துத் துரைக்குக் கிரிக்கெட் பைத்தியம். பங்களாவுக்குப் பின்னால் வலை கட்டி வைத்திருந்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் தோள் பலமுள்ள நாலைந்து பேரைக் கூப்பிடுவார். அவர்கள் பந்து போட வேண்டும், அவர் அடிப்பார். இருட்டும்வரை அப்படியே நடக்கும். மட்டையை ஒருநாளும் ஒருவர் கையிலும் அவர் கொடுத்ததில்லை. அண்ணன் ஏழு வருஷம் அங்கே பந்து போட்டார். எங்கே விழுந்தால் எப்படித் திரும்பும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருக்குக் கை பழகிவிட்டது. ஆனால் அதில் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"ஒரு நாளைக்கி ஒரு தடவதான்டா தம்பி குச்சிய சாய்க்கணும்" என்பார். "ரெண்டு தடவ சாய்ச்சா துரைக்கு மூஞ்சி செவந்துரும். சாய்க்கவே இல்லேன்னு வையி, நாளைக்கி வேற ஆளக் கூப்பிட்ருவாரு."

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த அளவு படிப்புக்கே ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தது. இலங்கை சுதந்திரம் வாங்கி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். போன முதல் வாரத்திலேயே ஒரு பொய் சொன்னேன். அப்பா லுணுகலையில் சின்னதாகக் கடை வைத்திருந்தவர் என்று சொன்னேன். யாரும் என்னை நெருக்கிக் கேட்கவில்லை. லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் உத்தியோகத்தர்கள் நாற்காலி தரமாட்டார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அந்தப் பொய்க்குக் கிடைத்தது ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். லயத்து ஆட்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். உத்தியோகத்தர்கள் நான் போனால் இங்கிலீஷுக்கு மாறினார்கள். காலைப் பெரட்டில் நூறு பேருடைய பெயரை நான் கூப்பிடுவேன். மாலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர். மதராசில் படித்தவர், யாரையும் "ஐசே" என்றுதான் கூப்பிடுவார். உத்தியோகத்தர் அணிக்கு அவர்தான் கேப்டன். வருஷத்துக்கு ஒருமுறை பதுளை டவுன் அணியோடு ஒருநாள் ஆட்டம் நடக்கும். சட்டப்படி அணிக்கு இரண்டு இன்னிங்ஸ். ஆனால் மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும், இரண்டாவது இன்னிங்ஸ் ஒருமுறையும் முடிந்ததில்லை. அதனால் முதல் இன்னிங்ஸில் யார் கூட எடுத்தார்களோ அவர்களுக்கே வெற்றி. இது என்ன அரைகுறை ஆட்டம் என்று யாராவது சொன்னால் பெரிய கிளாக்கருக்குப் பொறுக்காது.

"இந்தியாவிலை மாகாணங்கள் மோதுற போட்டியிலும் இதுதான் சட்டம், ஐசே. நான் மதராசிலை கண்ணாலை பாத்தனான். நாள் நாளா ஆடுவாங்கள். முடியாட்டில் முதல் இன்னிங்ஸிலை ஆர் கூடவோ அவன்தான் வெண்டவன். அவங்களுக்கு நாள் முடியுது, எங்களுக்குப் பனி வருகுது. வித்தியாசம் அவ்வளவுதான்."

அந்த வருஷம் எங்கள் பந்து வீச்சாளருக்குக் காய்ச்சல். துரைக்குப் பந்து போடுகிற ஒருவர் லுணுகலைப் பக்கம் இருக்கிறார் என்று நான்தான் வாயைத் திறந்தேன். அண்ணனைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நிஜமாகவே அது ஒன்றுதான் காரணம்.

ஆள் அனுப்பினோம். ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை யாரிடமோ இரவல் வாங்கியது, கையில் வாழையிலைப் பொட்டலம். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் பெரிய கிளாக்கர் வந்துவிட்டார். அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவர்தானோ ஆள்? உமக்குச் சொந்தமோ ஐசே? மூக்கு ஒரே அச்சிலை வாத்த மாதிரிக் கிடக்குது."

"இல்லீங்க" என்றேன். "சும்மா பழக்கம்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கிளாக்கரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "கணக்கப்பிள்ளை ஐயா, இத எங்க வைக்கட்டுங்க?" என்று கேட்டார். அதுவரை என்னை அவர் "டேய் தம்பி" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

டவுன் அணி முதலில் மட்டை பிடித்தது. எங்கள் ஆட்கள் கொடுத்த கான்வாஸ் சப்பாத்து காலைக் கடித்தது என்று கழற்றி வைத்துவிட்டு, அண்ணன் வெறுங்காலோடு ஓடி வந்தார். மூன்றாவது பந்திலேயே டவுன் கேப்டனின் நடுக்குச்சி பின்னால் போய் விழுந்தது. மைதானமே எழுந்து நின்றது. ஆறு பந்து முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. ஏழாவதுக்கு ஓடத் தொடங்கியவரை அம்பயர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. வலையில் ஓவர் ஏது? ஆனால் அதற்குப் பிறகு அவர் போட்டதெல்லாம் குச்சியை விட்டு ஒரு முழம் விலகியே போனது. இரண்டு ஓவர் பார்த்த பெரிய கிளாக்கர் என்னிடம் வந்தார்.

"என்ன ஐசே, உம்மடை ஆளுக்குக் கை சுளுக்கிப் போட்டுதோ? போய்க் கேளும்."

நான் ஓடிப் போய்க் கேட்டேன்.

"இன்னைக்கிக் கணக்குக்கு ஒண்ணு சாய்ச்சாச்சுங்களே" என்றார் அண்ணன்.

"இங்க எத்தனன்னாலும் சாய்க்கலாம்."

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கோவிக்கட்டும். கோவிக்க வைக்கத்தான் ஆட்டமே."

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டார். அதன் பிறகு ஆறு பேர் அவர் பந்துக்குப் போனார்கள். டவுன் அணி எழுபத்து நாலுக்குள் சுருண்டது. ஒவ்வொரு குச்சி சாயும்போதும் அடித்தவருடைய முகத்தை அவர் உற்றுப் பார்த்ததை நான் கவனித்தேன். சிவக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

மத்தியானம் எங்களுக்குக் கொட்டகையில் சாப்பாடு. அண்ணன் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டியும் சம்பலும். பாதியைச் சாப்பிட்டு, மீதியை இலையில் மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நாங்கள் மட்டை பிடித்தபோது, ஏழு ஓட்டம் கூட எடுத்துவிட்ட நிலையில் ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசி ஆள் அண்ணன்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக மட்டையைத் தொட்டார். கவ்வாத்துக் கத்தி மாதிரி ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் பதுளை ஜவுளிக்கடைக்காரர், வாய்த்துடுக்கானவர்.

"என்ன அண்ணே, வெட்டின செடி மறுபடி தளிர்க்க மூணு மாசம் போகுமே, அதுவரைக்கும் நிப்பீங்களா?"

"அவ்வளவு நாளு தாங்காதுங்க மொதலாளி. நான் வெட்டத்தான் பழகினவன்" என்றார் அண்ணன். அடுத்த பந்து அவருடைய குச்சியைச் சாய்த்தது. விழுந்த குச்சியைக் குனிந்து பார்த்துவிட்டு அவரே முதலில் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு நிமிஷம் அவர் எல்லோருக்கும் வேண்டியவராக இருந்தார்.

டவுன் அணியின் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியது. வெற்றி எங்கள் கையில்தான், பனி வரும்வரை நேரத்தைப் போக்க வேண்டும், அவ்வளவே. களைத்துப்போன அண்ணனைக் கீழ்க்கோடியில் நிறுத்தச் சொன்னார் பெரிய கிளாக்கர். அடித்த பந்தைத் தடுத்துப் பிடித்து அண்ணனுக்குப் பழக்கமில்லை. "நான் சொல்ற வரைக்கும் இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் பனி வந்தது. முதலில் தேயிலை மலை மறைந்தது, பிறகு அண்ணன் மறைந்தார், பிறகு பந்து போடுகிறவரே மறைந்துபோனார். அம்பயர் குச்சிகளைப் பிடுங்கினார்.

கொட்டகைக்குள் ஒரே ஆரவாரம். பெரிய கிளாக்கர் கோப்பையைத் தூக்கியபடி, "எங்கை அந்த லுணுகலைக்காரன்? கூப்பிடும் ஐசே, எங்களோடை இருந்து தேத்தண்ணி குடிக்கட்டும்" என்றார். எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அண்ணன் அதில் உட்கார்ந்தால் இரண்டு மூக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே என்று நினைத்தேன்.

"பஸ்ஸுக்குப் போயிருப்பாருங்க" என்றேன்.

பிள்ளைகளே, காலையில் சொன்ன பொய்யை யோசிக்காமல் சொன்னேன். இதை யோசித்துத்தான் சொன்னேன். கையிலிருந்த கேக் துண்டைத் தட்டில் வைத்தேன். எழுந்து பனிக்குள் ஓடினேன்.

"யாருங்க?" என்று குரல் கேட்டது.

"நாந்தான்."

"ஆட்டம் நடக்குதுங்களா ஐயா? சத்தமே கேக்கல."

"முடிஞ்சிருச்சுண்ணே. நம்மதான் ஜெயிச்சோம்."

"அப்பிடிங்களா." நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்ற வரைக்கும் நிக்கச் சொன்னீங்க. அதான்."

"சுத்தி யாருமே இல்லண்ணே. ஏன் ஐயாங்கிற?"

"பனிக்குள்ள யாரு நிக்கிறான்னு யாருக்குத் தெரியும்" என்று மெதுவாகச் சொன்னார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். என் பொய்யை என்னைவிடப் பத்திரமாக அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷ ஆட்டத்துக்கு ஆள் அனுப்பியும் அவர் வரவில்லை. அதற்குள் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையை அரசாங்கம் எடுத்துவிட்டு, வேண்டுமானால் விண்ணப்பம் போடு என்று சொன்ன காலம் வந்திருந்தது. நம் ஆட்கள் இத்தனை வருஷம் இந்த நாட்டில்தான் இருந்தோம் என்று கடுதாசியால் காட்ட வேண்டும். அப்பா வேலை செய்த தோட்டத்துக் கடுதாசி, படித்தவன் என்பதால் என்னிடம்தான் இருந்தது. அதன் நகலைத் தபாலில் வைத்து நான் விண்ணப்பித்தேன். சில வருஷம் கழித்து எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அண்ணன் கேட்பார், கொடுப்போம் என்று இருந்தேன். நானாகக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் பதுளை ஆபீசில் நின்று இவர் என் அண்ணன் என்று சொல்ல வேண்டும். அங்கே பெரிய கிளாக்கருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இடையில் அண்ணனுக்கும், பிறகு எனக்கும் கல்யாணம் ஆயிற்று. உங்கள் அம்மா வீட்டாருக்கும் கடைக்காரர் மகனாகவே இருந்துவிட்டேன்.

இப்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு, நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். மதராஸ் அணி ஆடும் நாட்களில் ரேடியோவை விட்டு நகரமாட்டேன். அவர்கள் ஓட்டக்கணக்கில் எனக்கு என்ன அக்கறை? அந்தச் சத்தம் வருகிற நாட்டில்தான் எங்கேயோ உங்கள் பெரியப்பா இருக்கிறார். அதற்காகத்தான் கேட்கிறேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது பதுளை ரயில் நிலையத்தில். விண்ணப்பம் தள்ளுபடியாகி, தலைமன்னார் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் போகிறார் என்று லுணுகலை ஆள் ஒருவர் சொல்லித்தான் தெரியும். அப்பாவின் கடுதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை. அண்ணி ரயில் பெட்டிக்குள் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கீழே நின்றார்.

"ஏண்ணே எங்கிட்ட கேக்கல? கடுதாசி எங்கிட்டதானே இருந்துச்சு."

"விசாரணையில கேட்டாங்க, கூடப்பொறந்தவங்க யாரும் இருக்காங்களான்னு. இல்லேன்னுட்டேன்." தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தார். "நீங்க ஒண்ணு சொல்லி வச்சிருக்கீங்க. நான் போயி அத மாத்திச் சொல்லலாமுங்களா?"

மணி அடித்தார்கள். அவர் ஏறி, ஜன்னலோரம் இருந்த மூத்த மகளின் தலையைத் தொட்டு, "பாப்பா, கணக்கப்பிள்ளை ஐயாவுக்குக் கும்பிடு சொல்லு" என்றார்.

ஏழு வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. இரண்டு கையையும் சேர்த்து, "கும்பிடுறேங்க" என்றது. நானும் பதிலுக்குக் கை கூப்பினேன். ரயில் நகர்ந்தது. ஹாலிஎலப் பக்கம் வளைவில் திரும்பும்வரை அது கையை இறக்கவில்லை.

அவள் உங்களுக்கு அக்கா.