போனட்டுக்குள் சிக்கிய மாலை

காலை ஏழு நாற்பதுக்கு, கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போகும் நெடுஞ்சாலையில், பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, மகள் ஓட்டிய காரின் என்ஜின் மூடியான போனட் நடுங்கத் தொடங்கியது. வேகம் தொண்ணூறைத் தாண்டியதும் மேலே எழும்பியது. கண்ணாடியில் வந்து அறைந்தால் அவள் கதி?

முந்தைய நாள் ஆயுத பூஜையில் காருக்குப் போட்ட மாலையின் நாரை உள்ளே செருகி போனட்டை மூடியவர் என் கணவர். “சரியா பூட்டலயே,” என்றேன். “ஒன்னும் ஆவாது லா,” என்றார். நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

அந்த ஆத்திரத்தை மகள்மீது கொட்டினேன். “பிரேக்க அமுக்குடி! செவிடா நீ?”

அவள் வேகத்தை மெல்லக் குறைத்து ஓரங்கட்டினாள். அப்போதும் திட்டினேன்.

எங்களுக்குப் பின்னால் வந்து, கூப்பிடாமலே நின்ற, பழுதான கார்களை இழுக்கும் இழுவை லோரிக்காரர், பூட்டில் சிக்கியிருந்த நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மகளைக் காட்டினார்.

“தங்கச்சி மெதுவா நிறுத்துனதால தப்பிச்சீங்கக்கா. சட்டுனு பிரேக் போட்டிருந்தா, பின்னால வந்த சரக்கு லோரி ஏறியிருக்கும்,” என்றார்.