அண்ணன் கண்ணில் விழுந்த பூ

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்றால் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமில்லை.

போன வருடம் என் அண்ணன் கச்சிராயபாளையத்தில் மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்து இறந்துபோனான். எனக்கு அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தேன். கருமாதிக்குப் படம் வைக்க வேண்டும் என்றார் அண்ணி. அங்கேதான் சிக்கல். அண்ணனின் இடது கண்ணில் பூ விழுந்திருந்தது, அதனால் கேமராவைக் கண்டால் திரும்பிக்கொள்வான், இல்லாவிட்டால் கறுப்புக் கண்ணாடி. நேராக நின்று எடுத்தது ஒன்றே ஒன்று, அதிலும் இரண்டு கண்ணும் மூடியிருந்தது.

"செத்தப்பவும் மூடிக்கினுதான் படுத்திருந்தாரு. படத்துலயாவது தொறந்து வச்சிக் குடு தம்பி," என்றார் அண்ணி.

மூடிய கண்ணைத் திறந்துகாட்டும் ஆப்கள் இருக்கின்றன. முதலில் இறக்கியது சினிமா நடிகர் கண் மாதிரி எதையோ வைத்தது. இரண்டாவது பரவாயில்லை, ஆனால் அண்ணி போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா தம்பி இது, பூவக் காணோம்? யார் வூட்டு ஆம்பளையோ மாதிரி இருக்காரு."

மறுநாள் காலை சொந்தக்காரர் ஒருவருக்குக் கருமாதி சொல்ல வெள்ளிமலை பஸ் ஏறினேன். பஸ் கிளம்புமுன் மூன்றாவதாக ஒன்றை இறக்கினேன். அது வெறும் கொலாஜ் ஆப், பல படங்களைக் கட்டம் கட்டி ஒட்டும், நெட் வேண்டாம், கண்ணைத் திறக்கும் வேலையெல்லாம் அதில் கிடையாது. சுற்றிலும் ஐந்து படம் போட்டு நடுவில் மூடிய கண்ணோடே வைத்துவிடலாம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மலை ஏற ஏற சிக்னல் போய்விட்டது, நான் பாட்டுக்குப் படங்களை அடுக்கிச் சேமித்தேன்.

வெள்ளிமலையில் இறங்கிப் பார்த்தால் நடுக்கட்டத்தில் அண்ணன் கண்ணைத் திறந்திருந்தான். இடது கண்ணில் பூ, கருவிழிக்குக் கீழே, சற்று மூக்குப் பக்கமாக, இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த இடம் எனக்குத் தெரியாமல் போகுமா? சின்ன வயதில் கரும்புத் தோகையைச் சுழற்றி விளையாடி அந்தக் கண்ணைக் கிழித்தவனே நான்தான். தானே போய் மோதிக்கொண்டதாக அப்பாவிடம் சொல்லி என்னைக் காப்பாற்றியவன் அவன்.

பயம்கூட வரவில்லை. செய்ததை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினேன். அந்தப் படத்தில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்று வந்தது. கேலரியில் இருந்த பழைய படத்தில் கண் மூடியேதான் இருந்தது. அதன் பிறகு எத்தனையோ பேர் படத்தை அதே ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு கண்ணும் திறக்கவில்லை.

பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டிக் கொடுத்ததும் அண்ணி அந்தக் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். "இதான் அவரு," என்றார். சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பூ எப்படி வுழுந்துதுன்னு எத்தினியோ வாட்டி கேட்டேன், கடசி வரிக்கும் சொல்லவே இல்ல. உனக்குத் தெரியுமா தம்பி?"

தெரியாது என்றேன். சொல்லும்போது படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் முடிவதில்லை.