தொண்ணூற்றொன்றில் வைத்த சந்தனப் பொட்டு

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் மூன்று விரலால் இழுத்த விபூதியும் நடுவில் ஒரு சந்தனப் பொட்டும் இருந்தன. வைத்தவர் என் முதலாளி. அதற்கான பூவையும் பொரியையும் பஜாரில் வாங்கி வந்தவள் நான். இருபது வருஷமாகப் போகிறது. இன்றைக்கும் எந்த மெஷினிலாவது பொட்டைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

பதுளையில் முதலாளி வீட்டின் முன்னறைதான் எங்கள் வீடியோக் கடை. கலியாணம், சடங்கு எல்லாம் அவர் படம் பிடிப்பார். நான் அதை வெட்டி ஒட்டி சி.டி. ஆக்குவேன். வீட்டுப் பாவனைக்கு வாங்கிய சாதாரண கம்ப்யூட்டர் அது. வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே படமாகச் சேர்த்தெடுக்கும் ரெண்டரிங் என்ற வேலைக்கு, ஒரு மணி நேரப் படத்துக்கு இருபது மணி நேரம் இழுக்கும். நடுவில் நின்றால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இதில் முதலாளிக்குத் திரையில் தாமரை விரிய வேண்டும், அதற்குள் பிள்ளையின் முகம் வர வேண்டும், மேலே பூ கொட்ட வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் மெஷின் மூச்சு வாங்கும். வந்து கேட்பவர்களுக்கு ரெண்டரிங்கை விளக்கி மாளாமல், “வெந்துக்கிட்டு இருக்குங்க” என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தாள். குவைத்தில் வீட்டு வேலை. மகளின் சடங்குக்கு லீவில் வந்தவள், சரஸ்வதி பூசையன்று மாலை ரயிலில் கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏற வேண்டும். “போன தடவ ஒரு போட்டோவ வச்சிக்கிட்டே காலத்த ஓட்டினேன் மிஸ். போட்டோ பேசுமா? அந்த வீட்டுல சி.டி. போடுற மெஷின் இருக்கு. வெள்ளிக்கிழமை அவங்க வெளிய போயிருவாங்க. அப்ப போட்டுப் பார்ப்பேன்” என்றாள். பூசையன்று மத்தியானம் வாங்க அக்கா, தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

முதல் நாள் மத்தியானமே ரெண்டர் போட்டுவிட்டேன். பூசையன்று காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தபோது திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு வீதம். பத்து மணிக்கு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, முதலாளி சொன்னபடி பூ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு. பெட்டி மேல் விபூதி, பொட்டு.

“என்னங்க முதலாளி, இன்னும் வேகலையே” என்றேன். “இன்னைக்கு ஆயுதத்துல கை வைக்கப்படாதும்மா. வருஷம் முழுக்க நமக்குச் சோறு போடுது, ஒரு நாள் ஓய்வு குடுக்க வேணாமா? நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரத்துல போட்டுக்கலாம்” என்றார். சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, பண்டாரவளையில் ஒரு பெரிய வியாபாரியின் கடைப் பூசையைப் படம்பிடிக்கக் கிளம்பினார். கேமரா ஆயுதம் இல்லையா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அன்றைக்கு ஊருக்கு இளைத்தவள் அந்த அக்கா.

மத்தியானம் வந்தாள். விமானத்துக்கென்று எடுத்த புதுச் சேலை, கையில் பை. “வெந்துருச்சா மிஸ்?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள் பொட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “சாமி நாளும் அதுவுமா நாமதான் கேட்டிருக்கப்படாது மிஸ்” என்றாள். பிறகு ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

சி.டி.யை மகளிடம்தான் கொடுத்தேன். அக்கா ஊருக்கு வர நாலு வருஷம் ஆனது. கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள்: “மக கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டா மிஸ். நான் வந்தப்ப வீட்டுல இல்ல. சி.டி.யிலதான் பார்த்தேன். தாமரையெல்லாம் நல்லா வந்திருக்கு.” பக்கத்தில் இருந்த முதலாளி பெருமையாகத் தலையாட்டினார். அந்த மாதமே அங்கிருந்து நின்றுவிட்டேன்.

இப்போது பண்டாரவளையில் என் வீட்டிலேயே வேலை. ஒரு மணி நேரப் படம் நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. முதலாளி ஒவ்வொரு வருஷமும் சரஸ்வதி பூசைக்கு போனில் வாழ்த்து அனுப்புவார், நான் பதில் போடுவதில்லை. அன்று காலை எட்டு மணிக்கு ஏதாவதொரு படத்தை வேண்டுமென்றே ரெண்டர் போடுகிறேன். என் மெஷினுக்கு விபூதியும் இல்லை, பொட்டும் இல்லை. எண் தொண்ணூற்றொன்றைத் தாண்டும் வரைக்கும் யாரையும் பக்கத்தில் வர விடமாட்டேன்.