யாதம்மா வயலில் புதைத்த துணி

மண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: நோயாளி வாயே திறக்காது; அதன் உறவுக்காரர்கள் கேட்பதற்கெல்லாம் நாம்தான் பதில் சொல்லியாக வேண்டும். வயலுக்கும் ஆய்வகத்துக்கும் அலைந்தவர்களுக்கு இது தெரியும். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதை வாங்கிய கையோடு மூன்று வருஷம் அந்த வேலையில் இருந்தேன்.

எங்கள் நோயாளி, ஹைதராபாத் விளிம்பில் அரை ஏக்கர். பட்டறைக் கழிவுநீர் பாய்ந்து ஈயமும் காட்மியமும் ஏறிப்போன நிலம். அதில் பாலக்கீரை போட்டு ஏ.எஸ்.ராவ் நகரில் கூடை இறக்கி விற்றுவந்தவர் யாதம்மா. சோதனை முடிவைக் கேட்ட அன்றே நிறுத்திவிட்டார். "மறுபடி எப்போ கீரை போடலாம்?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அவர் பேசியது தெலுங்கு. நான் எழுதுவது தமிழ். என்னைக் கூப்பிடும் 'பிட்டா' மட்டும் அவர் வார்த்தை; பிள்ளை என்று அர்த்தம்.

தின்னக்கூடாத கடுகு

முதலில் கடுகு விதைத்தோம். அதன் வேர் உலோகத்தை உறிஞ்சி இலைக்கு ஏற்றும். பிடுங்கி மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிட வேண்டும். பயிர் கொழுகொழுவென்று வந்தது. ஒரு இலைகூட யார் வாயிலும் படக்கூடாது என்று வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். யாதம்மாவின் எருமை வேலிக்கு வெளியே நின்று என்னையே பார்த்தது. கடைசி மூட்டையை வண்டியில் ஏற்றும்போது அவர் கேட்டார்: "என்கிட்ட விஷம்னு சொல்லிட்டே. அதுகிட்ட யாரு சொல்றது, பிட்டா?"

அடுப்பில் வைத்த உயிர்கள்

உலோகத்தை அளக்க மண்ணைச் சூடேற்றி உலர்த்த வேண்டும். நுண்ணுயிர்களை எண்ணவோ, அதே மண்ணை ஈரம் போகாமல் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். ஒருநாள் எதையும் தவறவிடக்கூடாது என்ற பதற்றத்தில் இரண்டு வகைப் பைகளையும் சூடடுப்பில் வைத்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால் உயிர் ஒன்றும் மிஞ்சவில்லை. "நிலம் செத்துவிட்டது" என்று எழுதியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். யாதம்மாவின் வயல்தான் கைவிடப்பட்டிருக்கும். வேலை போய்விடுமே என்ற பயத்தோடே ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். ஆய்வகத்தில் எனக்கு மேலே இருந்தவர், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர்; 'ஆமா'வுக்கு ஊர் வழக்கப்படி 'ஹவ்' என்பார். சிரித்துக்கொண்டே மறுபடி மண் எடுத்துவர அனுப்பினார்: "ஹவ் பா, இட்லிய வேகவச்சு இறக்கிட்டு மாவு பொங்குமான்னு பாக்குறியா?"

அப்பா கேட்டது

அப்பாவுக்கு நாச்சாரம் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் பட்டறையில் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாதம்மா வயலுக்காக நான் வரைந்த வரைபடத்தை அப்பா எடுத்துப் பார்த்தார். வாய்க்கால் போகும் நீலக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். எந்தப் பட்டறைத் தண்ணீர் என்று எங்களுக்கே தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனாலும் அப்பாவின் விரல் கோட்டை விட்டு நகரவில்லை. "பொருளைக் கழுவின தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு இத்தனை வருஷத்துல ஒருநாளும் நான் கேட்டதில்லையே, கண்ணு."

துணி

நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறதா என்று வயல்காரருக்குக் காட்ட ஒரு எளிய வழி உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியைப் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்ப்பது. நல்ல மண் அதைத் தின்றுவிடும். முதல் தடவை துணி புதைத்தபடியே வந்தது. யாதம்மா உதறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துவைச்சா ரவிக்கை தைக்கலாம்."

சுண்ணாம்பு போட்டோம். மக்கிய எரு போட்டோம். இரண்டு மழைக்காலம் போனது. மறுபடி தோண்டியபோது கையில் வந்தது நாலு நூலும் ஓரத் தையலும்தான். நானும் ஸ்டெல்லா அக்காவும் வரப்பில் நின்று கைதட்டினோம். யாதம்மா அந்தக் கந்தலை வெயிலில் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"அப்போ கீரை?"

மண்ணுக்கு உயிர் வந்திருந்தது, காட்மியம் போகவில்லை. சோதனைக்காக ஒரு மூலையில் வளர்த்த கீரையில் அளவு இன்னும் வரம்புக்கு மேலேதான். கொஞ்சம்தான் அதிகம். "பரவாயில்லை" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. கூடையோடு அவர் தெருத்தெருவாகப் போனதெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் கீரையை வாங்கிக் குழந்தைக்குக் கடைந்து ஊட்டுகிறவர்களும்தான். கூடாது என்று சொன்னேன். அவர் கந்தலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அந்த வருஷம், பூவை அடுக்கிக் கும்பிடும் பதுகம்மா பண்டிகைக்குச் சாமந்தி போட்டார். பூவையும் சோதித்துவிட்டே சரி என்றோம். ஒருநாள் ஆய்வக வாசலில் மடி நிறையப் பூவோடு வந்து நின்று என் கையில் கொட்டினார். கோபம் தீர்ந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நீ மட்டும் பொய் சொல்லியிருந்தா, முதல் கட்டுக் கீரை உனக்குத்தான் கொண்டுவந்திருப்பேன், பிட்டா."

இப்போது மாதாப்பூரில் குளிரூட்டிய அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே தப்பைத் தின்று செரிக்கிற மண் இல்லை; எதைப் புதைத்தாலும், இரண்டு மாதம் கழித்து முழுத்துணியாகவே திரும்பி வருகிறது.