சிவப்புக்கு முன்னால் கழற்றிய சப்பாத்து

சுவரில் எழுதி ஒட்டியவர்கள் மீதுதான் எனக்கு முதல் கோபம். 'இந்த ஓவியங்களின் முன் அவசரப்படாமல், வழிபாட்டு இடத்தில் நிற்பதுபோல் நில்லுங்கள்' என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. அப்படி நின்ற ஒரு பெண்ணை அங்கே நிற்கவிடவில்லை. ஏவியவர்கள் அவர்கள், செய்தவள் நான்.

ரொறன்ரோ நகரின் நடுவே ஓர் ஓவியக் காட்சிக்கூடத்தில் எனக்கு செக்யூரிட்டி வேலை. அந்தக் குளிர்காலம் அமெரிக்க ஓவியங்கள் வந்திருந்தன. இருநூறு வருடத்துச் சரக்கு. முதல் அறை முழுக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டு: ஆறு, மலை, அந்திவானம். தேடிப் பார்த்தாலும் ஒரு மனிதர் கிடையாது. இருந்த சனத்தைத் துரத்திவிட்டு, வெறும் நிலம் என்று கீறி வைத்திருக்கிறார்கள். ஊரை விட்டு ஓடிவந்தவளுக்கு அது கண்ணில் குத்தாதா? "எவ்வளவு அழகு" என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த அறைகளில் தொழிற்சாலைகள், தனியே இருந்து கோப்பி குடிக்கிறவர்கள், நிலத்தில் விரித்த துணியில் தெளித்த பெயின்ட்.

என்னைக் காவலுக்கு நிறுத்தியது கடைசி அறையில். ஆளைவிட உயரமான மூன்று ஓவியங்கள். உருவம் ஒன்றும் இல்லை, சிவப்பும் மண்ணிறமும் மட்டும். பெயின்ட் அடிக்க வந்தவன் பாதியில் விட்டிட்டுப் போய்விட்டான் என்று முதல் நாள் நானும் நக்கலடித்தேன். நாளுக்கு எட்டு மணித்தியாலம் முன்னால் நின்றால் தெரியும். மூன்றாவது கிழமை அந்தச் சிவப்பு மெல்ல மூச்சு விடத் தொடங்கியது. வீட்டுக்குப் போக டோர்செட் பார்க்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் கண்ணுக்குள் இருந்தது. சிரிப்பார்கள் என்று வீட்டில் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய் மத்தியானம் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் தனியே வந்தார். வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, பனியும், பனி உருக வீதியில் கொட்டுகிற உப்பும் பிடித்த சப்பாத்துகளைக் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்தார். காலுறையோடு உள்ளே போய்க் கைகளைக் கோத்தபடி நின்றார். கோயில் என்று பிழையாக நினைக்கவில்லை, கும்பிடவும் இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். இத்தனை நாளில் அந்தச் சிவப்பை என்னைப்போல் பார்த்த ஒரே ஆள் அவர்.

யாரோ ஒருத்தி அந்தச் சப்பாத்துகளைப் போனில் படம் எடுத்துச் சிரித்தாள். கமராவில் பார்த்திருக்க வேண்டும், என் இடுப்பு ரேடியோவில் சூப்பர்வைசரின் குரல் வந்தது: சப்பாத்துப் போடச் சொல், வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? ஊருக்குத்தான் உபதேசம். "நீங்கள் சுவரில் எழுதினதைத்தானே அவர் செய்கிறார்" என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தது. ஆனால் புரொபேஷன் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. சூப்பர்வைசர் வாசலுக்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் போனேன். "அன்ரி" என்று நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கினேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தமிழ்ச் சனம் என்று சூப்பர்வைசர் நினைத்துவிடக் கூடாதாம்! "மேடம், சப்பாத்தைப் போடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரை வாசித்தார்.

"ஓம் பிள்ளை, போடுறன். உப்புச் சப்பாத்தோட உதுக்கு முன்னால நிக்க மனம் வரேல்லை, அதுதான்."

வாசலில் குனிந்து சப்பாத்தின் ஸிப்பை மேலே இழுக்க அவர் பட்ட பாடு! முழங்கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து உதவவில்லை, சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைப் போட்டு முடித்தவர் திரும்பவும் உள்ளே வரத்தான் காலெடுத்து வைத்தார். என்னைப் பார்த்து, "நீர் எந்த ஊர், பிள்ளை?" என்று கேட்டார்.

"எக்ஸிட் அந்தப் பக்கம், மேடம்" என்றேன், ஆங்கிலத்தில்.

போகச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவர் நான் காட்டின பக்கமே போய்விட்டார்.

அடுத்த கிழமை வேலை நிரந்தரமானது. நிலைமையை நன்றாகக் கையாண்டேன் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. கிழித்து எறிந்திருக்க வேண்டும். மடித்து, பாஸ்போர்ட் வைக்கிற பைக்குள் பத்திரமாக வைத்தேன்.